மதிலுக்கு இந்தப் பக்கம்

திருகோணமலைத் திருக்கடலூர்க் கரையில் எந்த வள்ளத்து எஞ்சின் இருமினாலும், அதன் நோய் என்னவென்று சோமசேகரத்துக்குத் தன் முற்றத்தில் இருந்தபடியே தெரிந்துவிடும். பிளக் கறுத்துப் போச்சா, மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டதா என்று காதை வைத்தே சொல்லுவான். புல்மோட்டையில் இருந்துகூட எஞ்சினைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அவனைத் தேடி வந்த காலம் ஒன்று இருந்தது.

அந்தக் காலம் போய்விட்டது. சண்டை தொடங்கியதும் பெரிய எஞ்சின்களுக்கு நேவி தடை போட்டது. சிறிய எஞ்சினுக்கும் பாஸ் வேண்டும். விடிந்த பிறகு போய் இருட்டமுன் கரைக்கு வரவேண்டும். அரைக் கடலில் பிடிக்கிற மீனுக்கு ஆர் எஞ்சினைக் கழுவிப் பூட்டி வைத்திருப்பார்கள்? வள்ளங்கள் கவிழ்த்தபடி கிடந்தன. சோமசேகரம் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டான், தண்ணீர்ப் பம்பு திருத்தினான், ஒருநாள் சங்கக்கடைக்காரரின் தையல் மெசினையும் கழற்றிப் பூட்டினான்.

அவனோடு கூட வேலை செய்தவன் சிவபாதம். சோமசேகரத்தின் மனைவி வள்ளியம்மாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். வயதில் இருவரும் ஒன்று, ஒரே வகுப்பில் படித்தவர்கள், இப்போது ஒரே கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். சிவபாதம் நல்ல உழைப்பாளி. ஆனால் எஞ்சின் அவனோடு பேசாது. கழற்றத் தெரியும், கழுவத் தெரியும். திரும்பப் பூட்டும்போது ஒரு நட்டு மிஞ்சும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "மச்சான், இது எங்கை?" என்று கேட்பான். சோமசேகரம் சிரித்துக்கொண்டே வாங்கிப் போடுவான். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை அவனே பிறகுதான் விளங்கிக்கொண்டான்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. மாலைதீவில் வள்ளம் கட்டுகிற இடம் ஒன்றுக்கு எஞ்சின் வேலை தெரிந்த இருவர் தேவை. ஆள் எடுக்கிற சோதனை கொழும்பில். இருவரும் வள்ளியம்மாவின் காப்பை ஈடு வைத்து பஸ் ஏறினார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கி, வெளியூர்த் தமிழர் பதியவேண்டும் என்றபடியால் பொலிஸில் பதிந்து, காலையில் போட இரண்டு சேட்டுகளை ஆணியில் கொழுவிவிட்டுப் படுத்தார்கள்.

விடியப்புறம் சிவபாதம் எழும்பிப் பாண் வாங்கப் போனான். அவன் தெரு முடக்கால் திரும்பவும் பொலிஸ் வண்டி லொட்ஜ் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பதிந்த துண்டு, அடையாள அட்டை, விளம்பரம் வெட்டிய பேப்பர் என்று எல்லாவற்றையும் சோமசேகரம் காட்டினான். திருகோணமலை என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்துவிட்டு ஏற்றினார்கள். மூன்று நாள். அடிக்கவில்லை. ஒரு கேள்வியை முப்பது தரம் கேட்டார்கள், அவ்வளவுதான்.

வெளியே வந்து வீட்டுக்குப் போனபோது, சிவபாதம் அவனுக்கு முன்பே வந்திருந்தான். படலையடியில் நின்றான். முகத்தைப் பார்த்தே சோமசேகரத்துக்கு விளங்கிவிட்டது.

"உன்னை வேலைக்கு எடுத்திட்டாங்களோ?"

"ஓம் மச்சான். பாணோடை ஒழுங்கைக்குள்ளை நிண்டனான். வண்டி போன பிறகு நேரா சோதனைக்குப் போயிட்டன். ஒரு டீசல் எஞ்சினைக் கழற்றிப் பூட்டச் சொன்னாங்கள். என்னவோ, அண்டைக்கு எல்லாம் சரியாப் பொருந்தீட்டுது."

"மற்ற இடம்?"

"நீர்கொழும்புப் பெடியன் ஒருத்தனுக்கு."

சோமசேகரம் தலையாட்டினான். வள்ளியம்மா அண்ணனுக்காகப் பயத்தம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். குசினியில் இருந்து எண்ணெய் வாசம் படலை வரை வந்தது.

"நீ என்னைத் தேடி வந்திருக்கலாம்" என்று ஒருதரம் மட்டும் சொன்னான்.

"வந்திருந்தா என்னையும் ஏத்தியிருப்பாங்கள் மச்சான்."

அது உண்மைதான். உண்மை என்றபடியால்தான் அதை அவனால் தாங்க ஏலாமல் இருந்தது. பொய்யென்றால் சண்டை பிடித்து முடித்திருக்கலாம்.

சிவபாதம் போனான். மாதம் ஒரு கடிதம் வந்தது. அதை அவன் பெண்சாதி கமலாதேவி வேலிக்கு மேலால் நீட்டுவாள். வள்ளியம்மா சத்தமாக வாசிப்பாள். அங்கே வள்ளத்துக்கும் தோணி என்றுதான் பெயராம். கடல் கண்ணாடி போலவாம். அண்ணைக்கு எஞ்சின் பகுதியில்தான் வேலையாம், மேலாள் அவரை "உஸ்தாத்" என்று கூப்பிடுகிறாராம். உஸ்தாத் என்றால் கைதேர்ந்தவன்.

"கைதேர்ந்தவனாம்" என்று சோமசேகரம் சொன்னான்.

"ஏன், எங்கடை அண்ணைக்கு என்ன குறை?"

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

சொல்லவில்லைதான். ஆனால் சிவபாதம் அனுப்பிய மாசிக் கருவாட்டுப் பொதி வந்த அன்று, சம்பல் இடித்து வைத்த மனைவியிடம் பல்லு நோகிறது என்று சொல்லிவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டான். பக்கத்து வீட்டில் புது ரேடியோ பாடினால் எழுந்து கடற்கரைக்குப் போவான். கமலாதேவி ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இவர்களுக்கென்று கொடுத்தாள். வள்ளியம்மாவும் மகளும் மாறி மாறி அதில் இருந்தார்கள். சோமசேகரம் ஒருநாளும் இருக்கவில்லை. மரவாங்கு போதும் என்றான். கோயிலடியில் ஆரேனும், "உம்மடை மச்சான் நல்லா வந்திட்டான்" என்றால் வாய் சிரிக்கும், நெஞ்சுக்குள் ஒரு மிஞ்சிய நட்டு உருளும்.

பிறகு மதில் வந்தது. கிடுகு வேலியைப் பிடுங்கிவிட்டு, கமலாதேவி சீமெந்துக் கல் அரிந்து ஆள் உயரத்துக்கு மதில் எழுப்பினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன வாசலும் விட்டாள். ஆனாலும் சோமசேகரத்துக்கு அந்தச் சீமெந்து தன் முகத்துக்கு நேரே பூசினதுபோல இருந்தது. காலையில் பல் விளக்க எழும்பினால் முதலில் தெரிவது அதுதான்.

தொண்ணூற்றொன்பதில் சிவபாதம் ஒரு மாத லீவில் வந்தான். நிறம் கறுத்து, உடம்பு வற்றி வந்திருந்தான். சோமசேகரத்தின் கண்ணில் பட்டது அவன் கையில் இருந்த புது மணிக்கூடு மட்டும்தான். லீவு முடிய ஐந்து நாள் இருக்கும்போது, சிவில் உடுப்பில் பொலிஸார் இருவர் சோமசேகரத்தின் வேலைக் கொட்டிலுக்கு வந்தார்கள். ஒருவர் தமிழில் கதைத்தார். மரியாதையாகத்தான் கதைத்தார்.

"பக்கத்து வீட்டு சிவபாதத்தைத் தெரியுமா?"

"ஓம்."

"என்ன ஆள்? வெளிநாட்டிலை இருந்து காசு வருதாம். ஆருக்குக் கொடுக்கிறார், இயக்கத்துக்கோ?"

சோமசேகரம் கையில் இருந்த எண்ணெய்ச் சீலையை மடித்தான். அவர் என்ரை மனுசியின்ரை அண்ணன், என்னோடை கூட வேலை செய்தவர், மதிலுக்கும் பிள்ளையளின்ரை படிப்புக்கும்தான் காசு போகுது என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அந்தப் பக்கம் சிவபாதம் எதற்கோ பெரிதாகச் சிரித்தான்.

"எனக்கென்ன தெரியும்?" என்றான் சோமசேகரம். "போகேக்கை கையிலை ஒண்டும் இல்லாமல் போனவர். இப்ப மதில் கட்டியிருக்கிறார். அவரின்ரை கதை அவருக்குத்தான் வெளிச்சம்."

"உங்கடை சொந்தக்காரர் எண்டு சொன்னாங்கள்."

"சொந்தம்தான். உள்ளுக்கை என்ன நடக்குது எண்டு ஆருக்குத் தெரியும்."

அவர் அதை ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார். சோமசேகரம் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் வரை அதையே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்தநாள் காலையில் சிவபாதத்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கமலாதேவி அந்தச் சின்ன வாசலால் ஓடி வந்தாள். செருப்பும் போடவில்லை.

"அண்ணை, நீங்கள் ஒருக்கா என்னோடை வாங்கோ. நீங்கள் ஆம்பிளை, நாலு சனத்துக்குத் தெரிஞ்ச ஆள். இவரைப் பற்றி நீங்கள் சொன்னா நம்புவினம்."

அவன் சேட்டைப் போட்டுக்கொண்டு அவளோடு போனான். பொலிஸ் நிலையத்து வாசலில் ஐந்து நாள் குந்தியிருந்தான். மரத்தடியில் அவளுக்குத் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். கிராம சேவகரைப் பிடித்துக் கடிதம் எடுத்தான். ஆறாம் நாள், "இவர் நல்ல நடத்தையுடையவர் என்பதை நான் நன்கு அறிவேன்" என்று எழுதிய தாளில் ஒப்பம் வைத்தான். கொப்பியோடு வந்த அதே ஆள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து அவனை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சோமசேகரம் பேனையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

சிவபாதம் வெளியே வந்தான். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான். அதற்குள் விமானச் சீட்டின் நாள் கழிந்துவிட்டது. புதுச் சீட்டு, புது அனுமதி என்று அலைந்து இன்னும் மூன்று கிழமை பிந்தித்தான் போக முடிந்தது. போகிற அன்று சோமசேகரத்தின் கையைப் பிடித்து, "நீ இல்லாட்டி நான் உள்ளுக்கை கிடந்து செத்திருப்பன் மச்சான்" என்றான். வள்ளியம்மா கண்ணைத் துடைத்தாள். சோமசேகரம் நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

இப்படியான ஒன்றைச் செய்தவனுக்குப் பொறாமை போயிருக்கும் என்று நினைப்போம். போகவில்லை. வெட்கம் அதன் மேலே ஒரு மூடிபோல வந்து விழுந்தது, அவ்வளவுதான். உள்ளே அது கொதித்தபடியே இருந்தது.

அதற்குள் மகளுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தால் வரப் பிந்தினால் வள்ளியம்மா சந்திக்குப் போய் நிற்பாள். இரண்டு தரம் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தது. அவள் கணவனிடம் கேட்காமலே அண்ணனுக்குக் கடிதம் எழுதினாள். இவரையும் எப்படியாவது எடுங்கோ. இரண்டாயிரமாம் ஆண்டு சித்திரைக்குப் பிறகு அனுமதி வந்தது.

ஏன் போகிறாய் என்று கேட்டவர்களுக்கு அவன் மூன்று மறுமொழி வைத்திருந்தான். கடலைப் பூட்டிப்போட்டாங்கள். பிள்ளையைக் கரை சேர்க்கவேணும். அங்கை கையுக்கு வேலை இருக்கு. மூன்றும் உண்மை. ஊரில் போனவர்கள் எல்லாரும் இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லித்தான் போனார்கள். அவன் ஆருக்கும் சொல்லாத நாலாவது ஒன்றும் இருந்தது: சிவபாதம் பார்த்ததைத் தானும் பார்க்கவேண்டும். அவனைவிட மேலே நின்று பார்க்கவேண்டும்.

தலைநகர் மாலேக்குப் பக்கத்துத் தீவு ஒன்றில் அந்த வள்ளக் கொட்டகை. நிலத்தில் கண் கூசும், மரம் என்று ஒன்று இல்லை. தகரக் கூரைக்குக் கீழே ஒரு அறையில் ஒன்பது பேர். சிவபாதம் துறைமேடைக்கு வந்து அவன் பெட்டியைத் தூக்கினான். தலைமயிர், புருவம், கை எல்லாம் வெள்ளையாக மா பூசினதுபோல இருந்தது.

"என்ன கோலம் இது?"

"பைபர் தூள். வள்ளத்தை உரஞ்சினா பறக்கும்" என்றான் சிவபாதம். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நான் இப்ப எஞ்சினிலை இல்லை. அந்த முறை லீவாலை பிந்தி வந்தனான் எல்லே. இடத்தை வேறை ஆளுக்குக் குடுத்திட்டினம். உரஞ்சிற வேலைதான் இருந்தது. சம்பளமும் குறைவு. வீட்டை எழுதேல்லை. நீயும் எழுதாதை."

சோமசேகரம் பெட்டியின் மற்றக் காதைப் பிடித்தான். இருவரும் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தான் எரிந்து எரிந்து பொறாமைப்பட்ட அந்த உஸ்தாத் வேலை ஒரு வருடமாக இல்லாமலே போய்விட்டிருந்தது. அதை இல்லாமல் செய்தது தன் வாய்தான். இருந்தும் அவனுக்கு முதலில் வந்த நினைப்பு வேறு: எஞ்சின் பகுதியில் எனக்கு மேலே இவன் இல்லை. அந்த நினைப்பு வந்ததற்காக அவன் பிறகு நெடுநாள் தன்னை வெறுத்தான்.

மேலாள் அவனை எஞ்சின் பகுதியில்தான் போட்டார். இரண்டு மாதத்தில் அவன் காதின் கதை மற்றத் தீவுகளுக்கும் பரவியது. தோணிக்காரர்கள் கரையில் இருந்தே, "சோமா, இதைக் கேள்" என்று எஞ்சினை முடுக்கிக் காட்டுவார்கள். ஆறாம் மாதம் அவனுக்குக் கீழே நாலு பேர். இப்போது உஸ்தாத் அவன்.

வெள்ளிக்கிழமைகளில் படகெடுத்து மாலேக்குப் போவார்கள். முதல்தரம் போனபோது ஒரு பொலிஸ்காரன் எதிரே வந்தான். சோமசேகரத்தின் கை தானாகவே சேட்டுப் பைக்குப் போய் அட்டையைத் தேடியது. பொலிஸ்காரன் ஐஸ்கிறீம் நக்கியபடி அவர்களைக் கடந்து போனான்.

"இதுக்காகத்தான் நான் உரஞ்சிக்கொண்டு எண்டாலும் இஞ்சை கிடக்கிறன்" என்றான் சிவபாதம். "காசுக்கு எண்டு ஊரிலை சொல்லுவன். காசு பெரிசா மிஞ்சிறேல்லை."

சோமசேகரம் சேட்டுப் பையில் இருந்து கையை எடுத்தான். மூன்று வருடமாக ரேடியோவையும் மாசியையும் மணிக்கூட்டையும் பார்த்து எரிந்தவனுக்கு, மச்சானிடம் உண்மையில் இருந்த சொத்து இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்த கையோடு அதற்கும் ஒருதரம் பொறாமைப்பட்டான். இவ்வளவு நாளும் இதை இவன் தனியாக அனுபவித்திருக்கிறானே என்று.

நாள் போகப் போக சிவபாதம் மாறினான். முதலில் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு மூலைக்குப் போனான். பிறகு வெள்ளிக்கிழமைகளில் மற்ற ஆட்களோடு போனான். வள்ளியம்மாவின் கடிதத்தைச் சோமசேகரம் வாசித்தால், பல்லு நோகிறவன்போல முகத்தைத் திருப்பினான். அந்த முகத்தைச் சோமசேகரம் நன்றாக அறிவான். எத்தனை நாள் தன் முகத்தில் அதை வைத்திருந்தவன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் துறைமேடையில் இருவரும் தனியே நின்றார்கள். சோமசேகரம் ஏதோ தேவையில்லாத ஒன்றுக்கு, "நீயும் மாலேக்கு வாவன் மச்சான்" என்றான்.

"நீ போ. நீ உஸ்தாத். உனக்கு எல்லாம் அதிட்டம். வந்தாய், நேரா எஞ்சினிலை போய் நிண்டாய். நான் ஆறு நாள் அடிவாங்கி, இருந்த இடத்தையும் துலைச்சு, தூளைத் திண்டுகொண்டு நிக்கிறன்."

"அது அதிட்டம் இல்லை" என்றான் சோமசேகரம். நிறுத்தியிருக்கலாம். நிறுத்த ஏலவில்லை. "உன்னைப் பற்றி என்னட்டை விசாரிக்க வந்தவங்கள். நான்தான் நீ நல்லவன் எண்டு நறுக்கெண்டு சொல்லாமல் விட்டனான்."

சிவபாதம் அவனைப் பார்த்தான். "என்ன சொன்னனீ? சொல்லுக்குச் சொல் சொல்லு."

சோமசேகரம் சொன்னான். கொப்பியில் எழுதியது முழுவதையும், ஒரு சொல் விடாமல்.

"மதிலைப் பற்றியோ சொன்னனீ?"

"ஓம்."

"அந்த மதில் ஏன் கட்டினது எண்டு தெரியுமோ உனக்கு? நான் இல்லாத நேரம் ஆமி ரவுண்டப்பிலை வேலியைப் பிரிச்சுக்கொண்டு வீட்டுக்குள்ளை வந்தவங்கள். கமலா பிள்ளையளோடை தனிய. அவள் பயத்திலை கட்டினவள். உங்கடை பக்கத்தாலை ஓடி வரத்தான் வாசல் விட்டவள்."

சோமசேகரம் மற்றப் பக்கம் திரும்பினான். கடலில் ஒரு தோணி போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் சிலிண்டர் சரியாக அடிக்கவில்லை என்று காது தன்பாட்டில் சொன்னது.

"கொழும்பிலை நான் உன்னை விட்டிட்டு ஓடினனான்" என்றான் சிவபாதம். "அதுக்கு நீ செய்தாய் எண்டு கணக்கை முடிக்கலாமோ எண்டு யோசிக்கிறன். ஏலாமல் கிடக்கு. எனக்கு அண்டைக்குப் பயம். உனக்கு இருந்தது பயம் இல்லை."

அதற்குப் பிறகு அவன் சோமசேகரத்தோடு கதைக்கவில்லை. ஒரே அறையில், ஒரே தகரத்துக்குக் கீழே, ஒரு வருடத்துக்கு மேல். வள்ளியம்மாவுக்கு அவன் இதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்பது அவளுடைய கடிதங்களில் இருந்தே தெரிந்தது. அண்ணை சுகமோ, இரண்டு பேரும் ஒண்டாச் சாப்பிடுறனீங்களோ என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஓம் என்று சோமசேகரம் எழுதிக்கொண்டே இருந்தான்.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்றது. யுத்தநிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தான செய்தியை அறையில் இருந்த ரேடியோவில் கேட்டார்கள். மற்றவர்கள் கதைத்துக்கொண்டு இருக்கும்போதே சிவபாதம் தன் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே இருந்து இழுத்தான். அடுத்த மாதம் போய்விட்டான். போகிறபோது எல்லாருக்கும் கை கொடுத்தான். சோமசேகரத்தின் முறை வந்தபோது, "தங்கச்சிக்கு ஏதும் குடுத்துவிடுறதெண்டா தா" என்றான். சோமசேகரம் ஒரு பால்மாப் பொதியும் மகளுக்கு ஒரு மணிக்கூடும் கொடுத்தான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சோமசேகரத்துக்கு வேலை ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம் இருந்தது. சம்பளம் கூட்டினார்கள். தனி அறை கொடுத்தார்கள். அவன் ஒரு கதிரை வாங்கி அதில் இருந்தான். அந்த ஆவணி மாதம் வள்ளியம்மாவின் கடிதம் வந்தது.

தடை தளர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தாள். கரை முழுக்க வள்ளம், எல்லாம் பெரிய எஞ்சின். சல்லியில் இருந்தும் நிலாவெளியில் இருந்தும் ஆட்கள் வருகிறார்களாம். அண்ணை உங்களுடைய பழைய கொட்டிலுக்குப் பக்கத்தில் கடை போட்டிருக்கிறார். இரண்டு பேர் வேலைக்கு. ஸஹாப்தீன் முதலாளி தன்னுடைய ஆறு வள்ளத்தையும் அவரிடம்தான் விடுகிறார். கேட்டால் உங்களைப் பற்றி அண்ணை ஒன்றும் கதைக்கிறேல்லை, ஆனால் மகளுக்கு மணிக்கூட்டுப் பட்டி மாற்றித் தந்தவர்.

சோமசேகரம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சோற்றுக் கோப்பையை எடுத்தான். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நட்டு எங்கே போகிறது என்று தெரியாதவனிடம் ஆறு வள்ளம். புது எஞ்சின், அதுவும் என் கரையில், என் கொட்டிலுக்குப் பக்கத்தில். அவனுக்கு நான் செய்ததற்கு அவன் ஆயிரம் கடை போட்டாலும் நான் வாய் திறக்கக்கூடாது என்று தனக்குத்தானே சொன்னான். அதை முழுமனதோடுதான் சொன்னான். பிறகு எழும்பிப்போய் ஒரு தாளை எடுத்தான்.

நான் சுகம், நீங்கள் சுகமோ, மகளின் சோதனை எப்படி என்று முதலில் எழுதினான். அண்ணை நல்லாயிருக்கட்டும் என்றும் எழுதினான். கொஞ்ச நேரம் பேனையைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே மிஞ்சியிருந்த இடத்தில் சின்ன எழுத்தில் சேர்த்தான்: அண்ணையின் கடை வாசலில் ஒருநாளைக்கு எத்தனை எஞ்சின் நிற்கிறது என்று ஒருக்கா எண்ணிப் பார்த்து எழுதவும். அதில் பழுது தீராமல் திரும்பி வருகிறது எத்தனை என்றும்.